வெர்சிஸ் 650-க்கான பாகங்களும் தலைக்கவசமும்: இங்கேயே வாங்குவதா, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா?

கொண்டைஊசி (கோயம்புத்தூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ பாதியைக் கடந்த நிலையில், சாலையோரம் கொட்டிக் கிடந்த பொடிஜல்லியில் முன்சக்கரம் வழுக்கி, என்னுடைய 2017-ஆம் ஆண்டு காவாஸாகி வெர்சிஸ் 650 இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேகம் இருபதைத் தாண்டவில்லை என்பதால் எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டியில் கிளட்ச் லீவர் முறிந்தது; கியர் லீவர் உள்நோக்கி வளைந்தது; இடப்பக்கக் கண்ணாடி நொறுங்கியது; வண்டியின் பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் பலகையான ஃபேரிங்கின் ஒரு காது ஒடிந்தது. தலைக்கவசமும் தரையில் ஒருமுறை மோதியது. வெளியே கீறலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டபோது இவற்றில் எதுவுமே கையிருப்பில் இல்லை என்றும், முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் வரவழைத்துத் தருவதாகவும் கூறினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த அதே பாக எண்களை ஜப்பானிய, தாய்லாந்து விற்பனைத் தளங்களில் தேடிப் பார்த்தேன். அங்கே விலை ஏறத்தாழப் பாதியாக இருக்கிறது. வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். பாகங்களையும், கூடவே ஒரு நல்ல தலைக்கவசத்தையும் ஜாக்கெட்டையும் அவரிடமே வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அப்படியே ஒரு புதிய சைலன்சரும் வாங்கிவிடலாம் என்ற ஆசையும் உண்டு. இவற்றில் எதை உள்ளூரில் வாங்குவது, எதை வெளியிலிருந்து வரவழைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேட்டர்ஸ்சாலை (சென்னை) எழுதியது:

தம்பி, உடம்பில் பெரிதாக அடிபடாமல் போனதே முதல் நிம்மதி. நான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஓர் உதிரிபாகக் கடையில் பதினான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன்; வாங்குகிறவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. காப்பீட்டில் கோரப் போகிறீர்களா? கோருவதானால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். நீங்களே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாகத்தின் பில்லை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெறுவது பெரும்பாடு. ஆகவே கோரிக்கை வழியில் போனால் சர்வீஸ் சென்டர்தான், காத்திருப்புதான். மற்ற யோசனைகளுக்கு அங்கே இடமில்லை.

கைக்காசில் செய்வதானால், பட்டியலை ஒன்றாகப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள். கியர் லீவரின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. உங்கள் ஊரில் கணபதியிலோ பீளமேட்டிலோ உள்ள லேத் பட்டறையில் சூடேற்றி நிமிர்த்தித் தருவார்கள், புதியதே தேவைப்படாது. ஒட்டாவிட்டால் அலுமினியம், அதை நிமிர்த்தினால் பார்வைக்குச் சரியாக இருந்து, எங்காவது மலையில் கீழ்க்கியர் போடும்போது கையோடு வந்துவிடும். காலோடு என்று சொல்ல வேண்டும்.

ஃபேரிங் பலகையின் உட்புறத்தில் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பது சிறிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் ஒடிந்த காதைப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து ஒட்டிவிடலாம். கார் பம்பர் பழுது பார்க்கிறவர்களிடம் அதற்கான கருவி இருக்கும். பிபி என்று இருந்தால் சாதாரணப் பசை பிடிக்காது, அதே வகைக் கம்பியை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பழுது பார்த்துப் பெயிண்ட் அடித்த பலகைக்கும் புதிய பலகைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேட்டால் வண்டியை இன்னொரு முறை சாய்த்துக்கொள்ளலாம் போலிருக்கும். பெரிய பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே வேண்டாம். எடை குறைவானாலும் பெட்டி பெரிதாக இருப்பதால் கூரியர்காரர்கள் கன அளவைக் கணக்கிட்டுத்தான் கட்டணம் போடுவார்கள்.

கிளட்ச் லீவர் அலுமினியம் என்பதால் புதியதுதான் வாங்க வேண்டும். உங்கள் வண்டியில் கிளட்ச் ஒயரால் இயங்குகிறது, ஆயிலால் அல்ல. அதனால் சீனத்துச் சிஎன்சி லீவர் (கணினி இயந்திரத்தில் கடைந்தது) ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டாலும், ஆணித் துளையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதைத் தவிரப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அதே தொகுப்பில் பிரேக் லீவரும் சேர்ந்து வரும், அதை மாட்டாதீர்கள். லீவரின் அடிப்பகுதி, பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டை ஒரு நூல் அளவு கூடுதலாக அழுத்திக்கொண்டிருந்தாலே ஆயில் திரும்பிப் போக வழியின்றி, ஓட ஓடச் சூடேறி, முன்பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நான் அப்படிப் பிடித்து நின்ற வண்டியை நேரில் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக, உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணில் கிடைக்கும் பொருளுக்கு வெளிநாடு போக வேண்டியதே இல்லை. சக்கரப் பேரிங்கின் ஓரத்தில் 6203, 6204 என்று எண் பொறித்திருக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். அது காவாஸாகிக்கும் ஒன்றுதான், மாவு மில்லுக்கும் ஒன்றுதான். காவாஸாகி உறையில் போட்டால் விலை பல மடங்காகும். நல்ல பேரிங் கடையில் இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஆயில் சீலுக்கும் அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். ஆயில் ஃபில்டருக்கு 303 என்ற எண்ணைச் சொன்னால் பெரிய வண்டிப் பாகங்கள் வைத்திருக்கும் எந்தக் கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். செயின் 520 அளவு. இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பழையதில் எண்ணிக்கொண்டு போங்கள்.

இப்படி எந்தக் கடையிலும் சொல்லி வாங்க முடியாத எண் என்பது காவாஸாகியின் சொந்தப் பாக எண். அதில் முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் வகையையும், அடுத்த நான்கு அந்த வகையில் எது என்பதையும் சொல்லும். நிறமுள்ள பாகமானால் அதன் பின்னே நிறக் குறியீடும் சேரும். அதை விட்டுவிட்டு ஆர்டர் செய்து, பச்சை வண்டிக்குக் கறுப்புப் பலகை வாங்கியவர்கள் உண்டு. இந்த வகைப் பாகங்களுக்குத்தான் ஜப்பானும் தாய்லாந்தும் பயன்படும்.

எங்கிருந்து வாங்குகிறோம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹெட்லைட் வாங்குவதாக இருந்தால் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ வாங்காதீர்கள். அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள்; அந்த விளக்கின் லோ பீம் ஒளி வலப்பக்கம் உயர்ந்து விழுமாறு வெட்டப்பட்டிருக்கும்; இங்கே அது எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஜப்பான், தாய்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அமெரிக்க வண்டியின் ஸ்விட்ச் தொகுதியிலும் இணைப்புகள் மாறுபடலாம். வயரிங் படத்தை ஒப்பிடாமல் வாங்கக் கூடாது.

கண்ணாடிக்கு மட்டும் ஒரு வார்த்தை. தண்டு 10 மில்லிமீட்டர் மரையாக இருந்தால் உள்ளூரில் நூறு வகை கிடைக்கும். யமாஹாவுக்கான கண்ணாடியை எடுத்துவிடாதீர்கள். அதில் வலப்பக்கத்து மரை எதிர்த்திசையில் சுற்றும்.

கரும்புகை (திருச்சி) எழுதியது:

சைலன்சர் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் பந்தயத்தடத்துக்கு மட்டும் என்று முத்திரையிட்டு விற்பதை இங்கே சாலையில் மாட்டினால், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பிடிபட்டால் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல டயர் வாங்கலாம்.

கொண்டைஊசி எழுதியது:

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. காந்தத்தை வைத்துப் பார்த்தேன்; கியர் லீவரில் ஒட்டுகிறது. காப்பீட்டில் கோரப் போவதில்லை. கோரினால் அடுத்த ஆண்டு நோ கிளைம் போனஸ் (கோராதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும், கணக்குப் பார்த்தால் நட்டம்தான்.

இன்னொரு சந்தேகம். விற்பவரிடம் சொல்லிப் பொட்டலத்தின் மேல் அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் வரி இல்லாமல் வந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? டயர்களையும் வெளியிலிருந்தே வரவழைக்கலாமா?

முத்துநகர் (தூத்துக்குடி) எழுதியது:

நான் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன்; கப்பல் சரக்குதான் எங்கள் அன்றாடம் என்றாலும், தெரிந்தவர்களின் பொட்டலங்கள் சிக்கும்போதெல்லாம் என்னிடம்தான் வருவார்கள்.

அன்பளிப்பு என்ற கதை முடிந்து ஆண்டுகள் ஆகின்றன. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்றவற்றுக்கு மட்டுமே மிச்சம். விற்பனைப் பொருளை அன்பளிப்பு என்று எழுதுவதும், பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பில் போடச் சொல்வதும் பொய்க்கணக்கு. அதிகாரி சந்தேகப்பட்டால் தாமே விலையை நிர்ணயிப்பார், அபராதமும் விதிப்பார். அந்தப் பொருளின் விலை இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற காலம் இது.

வரிக் கணக்கில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குத்தான். அதன் மேல் சுங்கவரி விழும். சுங்கவரியும் சேர்ந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி, விழும். ஒரு பேச்சுக்கு, லீவரும் சிறு பாகங்களும் 8,000 ரூபாய், அனுப்ப 2,000 ரூபாய், சுங்கவரி 20 விழுக்காடு, ஐஜிஎஸ்டி 18 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 10,000 முதலில் 12,000 ஆகும், அதன் மேல் 18 விழுக்காடு 2,160, மொத்தம் 14,160. இருபதையும் பதினெட்டையும் கூட்டி 38 என்று மனக்கணக்குப் போட்டவருக்கு 41.6 வரும். அதோடு கூரியர் நிறுவனம் வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம் கேட்கும். கடன் அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டு முதல் மூன்றரை விழுக்காடு போகும். ஆக, தளத்தில் எட்டாயிரம் என்று பார்த்த பொருள் வீட்டு வாசலில் பதினைந்தாயிரத்தை நெருங்கும். சர்வீஸ் சென்டர் சொன்ன விலையோடு இதைத்தான் ஒப்பிட வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கான பொட்டலங்களுக்கு சுங்கவரி அட்டவணையில் 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதில் எல்லா வரியும் சேர்ந்து 77.28 விழுக்காடு வரை போனது, பிறகு குறைக்கப்பட்டது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற விகிதம் என்பதால், ஆர்டர் போடும் நாளில் நடப்பு விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடு என்று ஒரே சீராக ஆகிவிட்டது. முன்பு 28 கட்டிய பாகங்களின் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு எவரேனும் விலை சொன்னால் கேள்வி கேளுங்கள்.

நன்மையான செய்தியும் ஒன்று. ஐரோப்பியத் தளங்களில் காட்டும் விலையில் அவர்கள் நாட்டு வரி அடங்கியிருக்கும். ஜெர்மனியில் அது 19 விழுக்காடு. இந்திய முகவரி கொடுத்தவுடன் பெரும்பாலான கடைகள் அதைக் கழித்துவிடும்: 119 யூரோ என்று கண்ட பொருள் 100 யூரோவுக்கு இறங்கும். முகவரி கொடுப்பதற்கு முன்பே விலை அதிகம் என்று மூடிவிடாதீர்கள்.

டயர் வேண்டாம். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனது. அனுமதி உரிமம் இல்லாமல் வராது. உங்கள் அளவுகளான 120/70, 160/60 பதினேழு அங்குல டயர்கள் இங்கேயே முறையாக விற்கப்படுகின்றன. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

கடைசியாக, யாரும் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் ஒன்று. புகழ்பெற்ற ஐரோப்பியப் பெயர்களில் வரும் தோல் கையுறைகளிலும் ஜாக்கெட்டுகளிலும் கணிசமானவை பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுபவை. 2025 மே மாதத்திலிருந்து பாகிஸ்தானில் உற்பத்தியான எந்தப் பொருளும், எந்த நாட்டின் வழியாக வந்தாலும், இந்தியாவுக்குள் வரக்கூடாது என்பது ஆணை. ஜெர்மன் கடையில் வாங்கினேன் என்பது பதில் ஆகாது. உள்ளே தைத்திருக்கும் துண்டில் எந்த நாடு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. வாங்கும் முன் கடைக்கு மின்னஞ்சல் எழுதி, உற்பத்தி நாடு எது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூரோங்வாசி (சிங்கப்பூர்) எழுதியது:

உங்கள் சித்தப்பா மகனின் நிலையில் பலமுறை இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் பெட்டியில் பாதி இடம் பிறர் கேட்ட பொருட்களுக்கே போய்விடும்.

லீவர், ஃபில்டர், பிரேக் பேட் போன்ற சிறியவற்றை அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். வரும் பயணிக்கு வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பு ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. புறப்படும் நாளில் நடப்பில் உள்ள வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வரம்பு அவருடையது, உங்களுடையது அல்ல. அவர் வீட்டுக்கு வாங்கி வருவதும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே வரியை என் கைக்காசில் கட்டியிருக்கிறேன்.

தலைக்கவசத்தை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். பேட்டர்ஸ்சாலை ஐயா பாகங்களைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பட்டியலில் முதலில் பேச வேண்டியது தரையில் மோதிய அந்த ஹெல்மெட்டைப் பற்றி. அதன் உள்ளே இருக்கும் வெண்ணிற நுரைப் பகுதி ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. நசுங்கினால் மீளாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. லீவர் வரும் வரை வண்டி நிற்கட்டும். ஹெல்மெட்டை இன்றே ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே விற்கப்படும் ஹெல்மெட்டில் சிங்கப்பூருக்கான பிஎஸ்பி ஒட்டு இருக்கும். பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவில் வாங்கினால் மலேசியாவின் சிரிம் முத்திரை இருக்கும். இந்தியாவிலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இந்தியத் தர நிர்ணயத்துக்கு இணங்கிய தலைக்கவசத்தைக் கேட்கிறது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத தலைக்கவசத்தை உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் கூடாது என்ற கட்டுப்பாட்டு ஆணையும் நடப்பில் இருக்கிறது. மிக விலை உயர்ந்த ஜப்பானிய ஹெல்மெட் தரத்தில் எந்தக் குறையும் இல்லாததாக இருக்கலாம். ஆயினும் முத்திரை இல்லையென்றால் சாலையில் நிறுத்துகிற காவலருக்கு அது தலைக்கவசமே இல்லை. விபத்துக்குப் பின் இழப்பீட்டு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கொடுத்ததாகவும் ஆகும்.

ஐஎஸ்ஐ, ஐரோப்பிய ஈசிஈ 22.06 ஆகிய இரண்டும் உள்ளவை உங்கள் ஊரிலேயே கிடைக்கின்றன. ஃபரிதாபாத்தில் தயாராகும் எஸ்எம்கே ஹெல்மெட்டுகளில் ஈசிஈ சான்று பெற்றவை உண்டு. எல்எஸ்2, எம்டி போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் ஐஎஸ்ஐ முத்திரையோடு வருகின்றன. தாடைப் பட்டையில் தைத்திருக்கும் வெள்ளைத் துண்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்; 9 என்றால் ஸ்பெயினும், 3 என்றால் இத்தாலியும் சான்றளித்தது என்று பொருள். கீழே உள்ள நீண்ட எண் 06 என்று தொடங்கினால் புதிய விதி, 05 என்றால் பழைய விதி.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தலையின் வடிவம். அளவு நாடா நெற்றியைச் சுற்றி 58 சென்டிமீட்டர் என்று காட்டும். ஆனால் உருண்டைத் தலையா நீள்தலையா என்பதைச் சொல்லாது. நான் அப்படித்தான் தள்ளுபடியில் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். முதல் கால் மணி நேரம் அரண்மனை. அதற்குப் பிறகு நெற்றியில் ஆணி அடித்ததுபோல் வலி. கடையில் அணிந்துகொண்டு அரைமணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் முறைத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

மாசிவீதி (மதுரை) எழுதியது:

ஜூரோங்வாசி அண்ணன் சொல்வதை ஹெல்மெட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பில் அணிவதெல்லாம் உள்ளூரில்தான் என்று யாரேனும் முடிவு கட்டினால், அது ஆண்களின் முடிவு என்றுதான் சொல்வேன். நான் எட்டு ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓட்டுகிறேன். ஜாக்கெட்டைப் பொறுத்தவரை ரைனாக்ஸ், வயாடெர்ரா போன்ற இந்திய நிறுவனங்கள் நம் வெயிலை அறிந்து மெஷ் துணியில் செய்கிறார்கள். சித்திரை மாதத்தில் விருதுநகர் தாண்டி ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஐரோப்பியக் கோடை ஜாக்கெட் என்று விற்பது நம் மார்கழிக்குத்தான் பொருந்தும். ஆனால் பெண்களுக்கான ரைடிங் பேன்ட் என்று கேட்டால் ஆண்களுக்கான சிறிய அளவைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அதில் முட்டியைக் காக்கும் தகடான ஆர்மர் முட்டிக்குக் கீழே கணுக்கால் பக்கம் தொங்கும். விழும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் இருந்தும் பயனில்லை. ஆகவே நான் பேன்ட்டை ஜெர்மனியிலிருந்துதான் வரவழைத்தேன். வரி கட்டித்தான் வாங்கினேன், வருத்தமில்லை.

வரவழைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஓர் எச்சரிக்கை. முதல் முறை அளவு தவறியது. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆனது. கட்டிய சுங்கவரி என் கைக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு கடையின் பொது அளவு அட்டவணையை நம்புவதில்லை. என்னிடம் ஏற்கெனவே உள்ள பேன்ட்டின் இடுப்பு, உள்கால் நீளம், தொடைச் சுற்று ஆகியவற்றை அளந்து அனுப்பி, அவர்களையே அளவு சொல்லச் சொல்கிறேன். நீளத்தைக் குறைக்கத் தையல்காரரிடம் கொடுப்பதானால் கீழ்விளிம்பை மட்டும் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலைப் பிரித்தால் போச்சு. சாலையில் உரசும்போது முதலில் வாய் பிளப்பது அந்தத் தையல்தான்.

சான்றுத் துண்டைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். உடைக்கு இஎன் 17092 என்ற விதி. அதில் ஏஏஏ மிக உறுதி, ஏஏ நடுத்தரம், ஏ நகரப் பயணத்துக்கு. ஆர்மருக்கு இஎன் 1621. முழங்கை, தோள், முட்டிக்கான லெவல் 1 ஆர்மர் அடியின் விசையை 35 கிலோநியூட்டனுக்குள் குறைத்தால் போதும். லெவல் 2 ஆனால் 20-க்குள் குறைக்க வேண்டும். முதுகுக்கு இந்த எண்கள் 18, 9. பல ஜாக்கெட்டுகளில் உடைக்குச் சான்றே இராது, உள்ளே வைத்த ஆர்மருக்கு மட்டும் இருக்கும். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதிவிடுவார்கள். முதுகில் வெறும் நுரைத் தகட்டை வைத்து விற்பதும் சர்வசாதாரணம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு லெவல் 2 தகடு ஒன்றைத் தனியே வாங்கி வையுங்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் பெட்டியில் இடம் இருந்தால் இந்தத் தகட்டைத்தான் நான் கேட்பேன். சிறியது, முறியாது, ஐஎஸ்ஐ தொல்லை இல்லை.

முழங்கையில் சிராய்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் சிராய்ப்பு என்றால், அன்று ஜாக்கெட் அணியவில்லை என்றுதானே பொருள்?

கொண்டைஊசி எழுதியது:

அக்கா, மறைக்க விரும்பவில்லை. ஜாக்கெட் இருந்தது, வெயிலுக்காகக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டதால் நடந்ததை எழுதிவிடுகிறேன். கியர் லீவரைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் சூடேற்றி நிமிர்த்தினார்கள். 250 ரூபாய் ஆயிற்று. ஃபேரிங்கின் உட்புறம் ஏபிஎஸ் என்றே இருந்தது. ஒட்டிப் பெயிண்ட் அடித்ததில் அருகே போய்ப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரிகிறது. கிளட்ச் லீவரைச் சித்தப்பா மகன் கொண்டுவந்தார். சொன்னபடி காவாஸாகி எண்ணையே கொடுத்தேன், இரண்டாக வாங்கச் சொல்லி ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவருடைய வரம்பைக் கேட்டுவிட்டுத்தான் முதுகுத் தகட்டைச் சேர்த்தேன். ஹெல்மெட்டைக் கோவையிலேயே மூன்று கடை ஏறி இறங்கி, இரண்டாவது கடையில் நாற்பது நிமிடம் அணிந்து உட்கார்ந்து வாங்கினேன். தாடைப் பட்டையில் 06 இருக்கிறது. நெற்றிப் பகுதி சற்று இறுக்கம்தான், பழகினால் இளகும் என்கிறார்கள். மெஷ் ஜாக்கெட்டும் அங்கேயே வாங்கினேன். சர்வீஸ் சென்டரிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை; நல்லவேளை, முன்பணம் கட்டவில்லை.

உள்ளூரில் வாங்கிய கண்ணாடிதான் இப்போது பிரச்சினை. 5,000 ஆர்பிஎம் தாண்டினால் பின்னால் வருவது லாரியா காரா என்று தெரியாத அளவுக்கு அதிர்கிறது. பழைய கண்ணாடியில் இது இல்லை.

பேட்டர்ஸ்சாலை எழுதியது:

எடை குறைவான கண்ணாடி அது. பழைய நொறுங்கிய கண்ணாடியின் தண்டைத் தூக்கி எறியவில்லையே? இரண்டையும் கையில் வைத்து எடை பாருங்கள். கண்ணாடியைக் கழற்றி உள்ளே ஈயத் துண்டு ஒன்றைச் சிலிகான் வைத்து ஒட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சக்கரம் பேலன்ஸ் செய்கிற இடத்தில் ஐந்து, பத்து கிராமாகக் கேட்டால் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் தண்டு மட்டும் பழையது, தலை மட்டும் புதியது என்று மாற்றிப் போட முடியுமா என்று பார்த்துவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள்.